வீரமணியின் கட்டம்

அரசப்பனுக்கு வயது ஐம்பத்து மூன்று. பேராவூரணிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வயலும் நாற்பது தென்னையும் உண்டு. இருபத்திரண்டு வருடம் வீரமணி என்றொரு நண்பரும் இருந்தார். அறுவடை இயந்திரத்தைக்கூட இருவரும் சேர்ந்தேதான் வரவழைப்பார்கள். நாலு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை வீரமணி டீயைக் குடித்தார், கிளாஸை வைத்தார், வண்டியை எடுத்தார். அதோடு சரி. சண்டை இல்லை, சத்தம் இல்லை. மறுநாள் முதல் அரசப்பன் எதிரே வந்தால் வீரமணிக்கு ஆகாயத்தில் அவசர வேலை வந்துவிடும்.

காரணம் அறிய அரசப்பன் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தார். நீதிபதி, சாட்சி, குற்றவாளி மூவரும் அவரே என்பதால் தினமும் தடையின்றிக் கூடியது. கிடைத்த ஒரே தடயம்: அதற்குச் சற்று முன் நடந்த தன் வீட்டுப் புதுமனை புகுவிழா ஃபிளெக்ஸில் வீரமணியின் படம் மூன்றாம் வரிசைக்கு, மைத்துனர் காயாரோகணத்துக்கும் கீழே போயிருந்தது. ஆனால் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவரே வீரமணிதான். தடயம் நிற்கவில்லை.

"அவருகிட்டயே கேட்டுடுங்களேன்" என்றார் மனைவி தனபாக்கியம்.

"ரெண்டு தடவ கேட்டாச்சு. 'ஒண்ணுமில்லப்பா'ங்கறான். ஒண்ணுமில்லாததுக்கு எப்படி மன்னிப்பு கேக்கறது?"

இந்தத் தை மாதம் மகள் சுடர்விழிக்குக் கல்யாணம். தட்டில் வெற்றிலை பாக்கு, பத்திரிகையோடு இருவரும் வீரமணி வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி ஈஸ்வரி வாங்கிக்கொண்டு, "அவரு தோப்புக்குப் போயிருக்காங்கண்ணே" என்றார். வீரமணியின் வண்டியும் செருப்பும் வாசலிலேயே இருந்தன. வெறுங்காலோடு நடந்தே போயிருக்கிறார் என்று அரசப்பன் பெருந்தன்மையாக நம்பினார்.

அப்புறம்தான் ஃபிளெக்ஸ் கடை நௌஷாத் சிக்கலைக் கிளப்பினான்.

"மாமா, கல்யாண ஃபிளெக்ஸ்ல நண்பர்கள் வரிசையில ஒரு கட்டம் காலியா கெடக்கு. வீரமணி மாமா படம் பழைய ஃபைல்ல இருக்கு. போட்டுடவா?"

போட்டால், வராத ஆளை ஊரே பார்க்க வரவேற்பாளராக நிறுத்தியதாகும். போடாவிட்டால், இருபத்திரண்டு வருடத்துக்குத் தன் கையாலேயே மூடுவிழா. நாலு நாள் கடைக்கு நடந்தார். நாலு நாளும் "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

ஐந்தாம் நாள் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"வேதாரண்யத்துல நான் எடுத்த படம்டா."

"கண்ண மூடிட்டு இருக்காரே மாமா!"

"எப்பவும் அப்படித்தான். படம் எடுக்க ஃபோன நீட்டினாலே மூடிடுவான்." சிரித்தார். பிறகு சொன்னார்: "காரணம் தெரிஞ்சுட்டா முடிவு பண்ணிடலாம்னு இருந்தேன். தெரியப்போறதில்ல. வேணாம், எடுத்துடு. கட்டத்தையும் எடுத்துடு. மத்தவங்க மூஞ்சியக் கொஞ்சம் பெருசாக்கு."

"சரி மாமா."

"அந்தப் படத்த மட்டும் எனக்கு அனுப்பி வை."

கடைத்தெரு முனையில் ஃபிளெக்ஸ் எழுந்தது. காயாரோகணத்தின் முகம் லாரிச் சக்கரம் அளவுக்கு வளர்ந்திருந்தது. அவருக்குப் பரம திருப்தி. அரசப்பன் அங்கே நின்றபோது வீரமணியின் வண்டி வந்தது. போர்டுக்கு எதிரே வேகம் குறைந்தது. அந்த இடத்தில் ஒரு வேகத்தடையும் இருக்கிறது. எதற்காகக் குறைந்தது என்று அரசப்பன் யோசிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போனார்.