கோர்ட்டுக்குப் போன கால்

இலங்கையில் பால் பவுடருக்குக்கூட ஜனங்கள் வரிசையில் நின்ற அந்த வருடம், பங்குனி மாதத்தில், வேதாரண்யத்தை அடுத்த எங்கள் மீனவக் கிராமத்தில் நடந்தது இது. விடியற்காலையில் அங்கிருந்து வந்த ஒரு படகு யாரையோ சேற்றில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டதாம், அவர்களைப் புயல் பாதுகாப்பு மையத்தில் உட்கார வைத்திருக்கிறார்களாம் என்று ஊரே ஓடியது. போலியோவில் ஒரு கால் சூம்பிய எனக்கு ஓட்டம் ஏது? கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே ஒரு பெண். மடியில் இன்னும் நடக்கத் தொடங்காத ஆண் குழந்தை. அவள் கழுத்துவரை சேறு காய்ந்திருந்தது. பாவாடைக்குக் கீழே ஒரு கால்தான் தெரிந்தது. மற்றது போரில் ஷெல் விழுந்து போய்விட்டதாம். மாட்டியிருந்த செயற்கைக் காலும் சேற்றில் புதைந்து கழன்றுவிட, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தவழ்ந்தே கரையேறியிருக்கிறாள்.

"அக்கா, என்ர கால எடுத்துத் தருவியளோ? அது இல்லாட்டி இவனைத் தூக்க ஏலாது" என்றாள்.

மற்றவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊன்றுகோல் பிடித்தால் இரண்டு கையும் அதற்கே போய்விடும். பிள்ளையை எந்தக் கையால் தூக்குவது? என் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஒரு தெருகூட நடந்ததில்லை.

வீட்டுக்கு வந்து தம்பியைப் பிடித்துக் கத்தினேன்.

"டேய், வலைய அப்புறம் பாரு. தண்ணி ஏறுறதுக்குள்ள போய் அந்தக் காலைத் தேடு!"

அவன் அப்படியே ஓடினான். இடுப்பளவு சேற்றில் இறங்கித் துழாவி, உச்சி வெயிலில் காலைக் கண்டெடுத்தும்விட்டான்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. கரையில் அந்நிய நாட்டுப் பொருள் எது கிடைத்தாலும் முதலில் ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டும். ஒதுங்கிய கஞ்சாப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்த பாவத்துக்கு கோர்ட்டு கோர்ட்டாக அலைந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் தம்பி காலைக் கழுவித் துடைத்து, நேரே ஸ்டேஷனில் கொடுத்து, "அந்த அம்மாகிட்ட குடுத்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்து நின்றான்.

ஆட்டோ பிடித்து நான் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் அதை வெள்ளைத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, நம்பர் எழுதிய சீட்டும் கட்டியிருந்தார்கள்.

"இது கேஸ் ப்ராப்பர்ட்டிம்மா. கள்ளத்தனமா ஆள் இறக்குனதுக்கு இதான் ஆதாரம். கோர்ட்டுக்குத்தான் போகும்" என்றார் ஏட்டு.

"சார், அது அவங்க கால் சார்!"

"எழுதியாச்சும்மா. இனி எங்க கையில ஒண்ணுமில்ல."

கெட்ட மனுஷர் இல்லை. எனக்கு நாற்காலி போட்டு டீகூட வாங்கித் தந்தார். காலை மட்டும் தரவில்லை.

சாயங்காலம் அவளை மண்டபம் அகதிகள் முகாமுக்குக் கூட்டிப்போக வேன் வந்தது. என்னிடமிருந்த பழைய ஊன்றுகோல்களைக் கொடுத்தேன். அவள் உயரத்துக்கு அவை பொருந்தவே இல்லை. பெண் போலீஸ் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அது அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி வீறிட்டு அழுதது. அவள் இரண்டு கையிலும் கட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே தத்தித் தத்திப் போனாள். பாவி, நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கோர்ட்டில் போய்க் கேட்டேன். படகோட்டி பிடிபட்டு, கேஸ் முடிந்தால்தான் கால் கிடைக்குமாம். அவன் எந்தக் கடலில் இருக்கிறானோ! இலவசமாக வேறு கால் வாங்கலாமென்றால் ஊனமுற்றோர் அட்டை கேட்கிறார்கள், அட்டைக்கு ஆதார் கேட்கிறார்கள். அடைக்கலம் தேடி வந்தவள் ஆதாருக்கு எங்கே போவாள்? காசு கொடுத்து வாங்கித் தர என் தையல் மிஷினுக்குச் சக்தியில்லை. "அவங்க கையிலயே குடுத்திருக்கலாம்க்கா" என்று தம்பி இன்றும் புலம்புகிறான்.

முகாமிலிருந்து அவள் போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி, "கால் கிடைச்சதோ அக்கா?" என்பதுதான். அப்புறம் ஒருநாள் அவள் அதைக் கேட்கவில்லை.

"அவன் நடக்கத் தொடங்கிட்டான் அக்கா. இப்ப தூக்கச் சொல்லி என்னைக் கேக்கிறதில்லை" என்றாள்.

கேஸ் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தக் கால் என்றைக்காவது திரும்பி வரலாம். அம்மா இடுப்பில் உட்காரும் வயது மட்டும் அந்தப் பிள்ளைக்கு இனி வரப்போவதில்லை.