நிலவுக்குப் போகாத மண்

சாக்தின்ஸ்க் ஊரில் கணவனைப் பறிகொடுத்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. நிலக்கரி ஊர் என்றால் அப்படித்தான். ஆனால் அவர்களுடைய ஆண்களெல்லாம் கரகந்தா சாலையோரத்து இடுகாட்டில் கிடக்கிறார்கள். பேருந்து அந்த இடத்தைத் தாண்டும்போது உள்ளே இருப்பவர்கள் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை வழித்துக்கொண்டு பிரார்த்தனையை முணுமுணுப்பார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து உருளைக்கிழங்கு விலையைப் பேசுவார்கள். மக்பாலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் கணவன் ஒராஸின் கல்லறை, மாலையானால் வீட்டுக் கூரைக்கு மேலேயே வந்து நிற்கிறது.

ஒராஸ் சுரங்கத்தில் துளை போடுகிறவன். கல்யாணமான நாளிலிருந்து மக்பாலுக்கு ஒரே பயம்தான்: கீழே வாயு கசிந்து வெடித்துவிடக் கூடாது. சுரங்கத்தை மூடியபோது ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்தது, இவள் மட்டும் உள்ளூர மகிழ்ந்தாள். அந்த நேரம் பார்த்து நிலவுக் கம்பெனி வந்தது. நிலவின் தென்கோடியில் பள்ளங்களுக்குள் உறைந்து கிடக்கும் பனியைத் தோண்ட ஆள் வேண்டுமாம். இருட்டிலும் இடுக்கிலும் பதறாமல் வேலை செய்கிறவர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்?

"கீழே தோண்டினதை மேலே போய்த் தோண்டப் போறேன், அவ்வளவுதான்டி. உன் பயமும் தீர்ந்துச்சு. அங்கே காத்தே கிடையாது, வாயு எங்கேருந்து வெடிக்கும்?" என்றான்.

மக்பால் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

ஒராஸுக்குக் குளிர் ஆகாது. ஜூன் மாதத்திலும் காலுறை போடுகிற ஆள். ஒட்டக ரோமத்தில் அவள் பின்னிக் கொடுத்த காலுறையைக் கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. ரோமம் உதிருமாம், இயந்திரத்துக்கு ஆகாதாம். மனிதனுக்கு எது ஆகும் என்று எவனும் கேட்கவில்லை.

அவன் போன அடுத்த வசந்தத்தில் மூன்று பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாவுச் செய்தியை எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே போட்டு உடைப்பதில்லை. சுற்றி வளைத்து, மனசைப் பக்குவப்படுத்தித்தான் சொல்வார்கள். ஒராஸின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, கையை விட்டுப் பறந்துபோன ஒரு வேட்டைக் கழுகைப் பற்றி ஆரம்பித்தார்.

"கழுகை விடுங்க மாமா. அவருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க," என்றாள் மக்பால்.

துளைப்பொறி சரிந்து, அவன் போட்டிருந்த கவச உடை கிழிந்திருந்தது. காற்றில்லாத இடம் அல்லவா, கிழிசல் ஒன்றே போதுமாக இருந்தது.

உடலைக் கேட்டாள். அஸ்தானாவிலிருந்து வந்த கம்பெனிப் பெண் நன்றாகத்தான் பேசினாள், கண்ணிலும் நீர் இருந்தது. "அங்கேயே மரியாதையா அடக்கம் பண்ணிட்டோம் அக்கா. திரும்பி வர்ற கப்பல்ல எடைக்கு இடமில்லை. அவரும் அதுக்குச் சம்மதிச்சுத்தான் போனாரு."

அந்தக் கப்பல் திரும்பி வந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பெட்டி பெட்டியாக நிலவுப் பாறையை இறக்கினார்கள்.

"கல்லுக்கு இடம் இருந்துச்சு பாத்தியா," என்றாள் மக்பால், பக்கத்து வீட்டு சாலிமாவிடம். சாலிமா தொலைக்காட்சியை அணைத்தாள்.

எங்கள் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டிலேயே ஒரு பிடி மண்ணைத் தொட்டுக் கொடுத்தால் ஆண்கள் எடுத்துப் போய்க் குழியில் போடுவார்கள். அதுதான் மனைவி கொடுக்கும் விடை. மக்பால் இன்னும் விடை கொடுக்கவில்லை. அந்த எண்ணம் நெஞ்சில் முள்ளாக நின்று அவளைச் சாப்பிடவும் விடவில்லை, தூங்கவும் விடவில்லை. ஒராஸோடு சுரங்கத்தில் வேலை பார்த்த பெகேன் அடுத்த குழுவில் நிலவுக்குப் போகிறான் என்று தெரிந்ததும், முற்றத்து மண்ணில் ஒரு பிடி அள்ளித் துணிப்பையில் கட்டிக்கொண்டு ஓடினாள்.

"என் மண்ணைப் போட்டுருவியா பெகேன்?"

"என் சாமான் எடையிலே கழிச்சுக்கச் சொல்றேன் அண்ணி. ஒராஸ் அண்ணனுக்கு இதுகூடச் செய்யாட்டி நான் மனுஷனா?"

அவன் போய்ச் சேர்ந்து பேசும்வரை மக்பால் கொஞ்சம் நிம்மதியாக இருந்தாள். ரொட்டி சுட்டாள். ஒருமுறை சாலிமாவைக் கேலிகூடச் செய்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம் பெகேனின் மனைவி கதவைத் தட்டினாள். கையில் அதே துணிப்பை. கம்பெனி தபாலில் திருப்பி அனுப்பியிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மக்பாலின் தொலைபேசி அடித்தது. பெகேன்தான். சொற்கள் இடைவெளி விட்டு விட்டு வந்தன.

"அண்ணி, மன்னிச்சிருங்க. பூமி மண்ணுல உயிர் இருக்காம். கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம். அதை இங்கே கொண்டுவரக் கூடாதாம்."

மக்பால் பெகேனின் மனைவி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"கப்பல் ஏறும்போது அவங்க பையைப் பிடுங்கறதுக்கு முன்னாடி மண்ணை ரெண்டு கையிலேயும் அள்ளித் தேய்ச்சுக்கிட்டேன் அண்ணி. நகத்துக்குள்ளேயாவது கொஞ்சம் தங்குமேன்னு பார்த்தேன். பிரஷ் போட்டுத் தேய்ச்சு அதையும் கழுவிட்டாங்க." அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. "அண்ணன் குழி மேல மண்ணில்லாத வெறுங்கையைத்தான் வெச்சேன். அதுவும் கையுறையோட."

"நீ வெச்சியே, அது போதும்டா," என்றாள். போதவில்லை.

பையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். மேற்கே பிறை தெரிந்தது. புதுப்பிறையைக் கண்டால் குனிந்து வணங்கி நல்லது கேட்பது எங்கள் வழக்கம். ஒராஸ் இறந்ததிலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் அவள் கண்ணில் படாமல் வீட்டுக்குப் பின்னால் போய்த்தான் கும்பிட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். அன்று சாலிமாவும் இன்னும் சிலரும் வாசலிலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், இடுகாட்டைத் தாண்டும்போது செய்வதைப்போல முகத்தை வழித்துக்கொண்டார்கள்.

மக்பால் மட்டும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பழைய வழக்கப்படி பிறையைப் பார்த்துக் குனிந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவருக்குக் குளிர் ஆகாது. கொஞ்சம் பாத்துக்கோ," என்றாள்.