வராதவர்கள் நோட்டு

நோட்டு அக்காவுக்குச் சொந்தப் பேர் ஒன்று உண்டு. சர்ச்சில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. ஆறு நாளும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வெள்ளைப் போர்வைகளுக்கு இஸ்திரி போடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யார் யார் வரவில்லை என்று நீல நோட்டில் எழுதி வைப்பாள். அதைப் பார்த்துத்தான் போதகர் செவ்வாய்க்கிழமை வீடு வீடாகப் போய் விசாரிப்பார். பதினேழு வருஷத்தில் அக்கா ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. காய்ச்சலென்றாலும் போர்த்திக்கொண்டு வந்துவிடுவாள்.

அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி, அந்த ரகமில்லை. "கொஞ்ச நாள் சர்ச்சுக்கு லீவுக்கா. ஞாயித்துக்கிழமையாவது தூங்கணும்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு மூணு மாசம் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா பதிமூன்று வாரம் அவள் பேரைக் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள். எழுதி என்ன வாழ்ந்தது? போதகர் பழக்கூடையோடு அவள் வீட்டுக்குப் போனார். பாடகர் குழு வாசலில் நின்று பாடியது. திரும்பி வந்த அன்றைக்கு ஆளாளுக்குக் கட்டிப் பிடித்துக் கண் கலங்கினார்கள். அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. வராதவளுக்கு இத்தனை உபசாரம். தவறாமல் வருகிறவளை 'நல்லாயிருக்கியா' என்று கேட்க ஒரு நாதியில்லை.

நாமும் ஒரு வாரம் போகாமல்தான் பார்ப்போமே என்று முடிவு கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்தாள். நோட்டு சர்ச்சில் கடைசி பெஞ்சிலேயே கிடந்தது. செவ்வாய்க்கிழமை வேலைக்கும் லீவு போட்டு, வீட்டைக் கழுவி, நாற்காலியைத் துடைத்து, நல்ல கோப்பைகளை எடுத்து வைத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஈ காக்கா வரவில்லை.

அடுத்த ஞாயிறு போதகர் சந்தோஷமாக அறிவித்தார். "போன வாரம் நம்ம சபையில ஒருத்தர்கூட விடுபடல. நோட்டுல ஒரு பேர்கூட இல்ல. ஸ்தோத்திரம்." எல்லாரும் கை தட்டினார்கள். அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஓரகத்தி காதோடு கேட்டாள். "போன வாரம் எங்கக்கா போனீங்க? இந்தப் பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கே வந்திருப்பேன், பாவம், தூங்கட்டும்னு விட்டுட்டேன். என்னைத்தான் கூட்டம் கூட்டமா வந்து தூங்க விடல."

தேடினது ஒரே ஒருத்தி, அவளும் இவள்தானா என்று அதற்கும் பொறாமைப்பட்டாள் அக்கா. பேனாவைத் திறந்து, போன வாரத்துப் பக்கத்தில் தன் பேரை முழுசாக எழுதினாள்.

ஆராதனை முடிந்து நோட்டை வாங்கிப் புரட்டிய போதகர் புருவத்தைச் சுருக்கினார். "இது யாரும்மா? நம்ம சபைக்குப் புதுசா? வீடு தெரியுமா?"

"தெரியும் ஐயா" என்றாள் அக்கா. "செவ்வாய்க்கிழமை வாங்க, நானே கதவைத் திறக்கிறேன்."