எண்ணெய் ஊறும் வண்டி

எங்கள் வீட்டில் சமையலுக்கு எந்த எண்ணெய் என்பதே இன்னும் முடிவாகவில்லை. கணவருக்குக் கடலை எண்ணெய் வேண்டும். மகளுக்கு அந்த வாசனை ஆகாது. எனக்கு மருத்துவர் சொன்னது வேறொன்று. அதனால் அடுப்படியில் மூன்று தூக்குகள் எப்போதும் வரிசையாக இருக்கும். இப்படிப்பட்ட வீட்டுக்குப் புது பிக்கப் வண்டி ஒன்று வந்து, அதற்கு எந்த எண்ணெய் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

வண்டி மகளுடையது. அவள் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அலுவலகங்களுக்குச் செடிகளை வாடகைக்கு விடும் தொழிலைத் தொடங்கியிருந்தாள். ஏசி அறைக்குள் வாரக்கணக்கில் இருந்தால் செடி வாடிவிடும். வாடியதை எடுத்துவந்து பூந்தமல்லி தாண்டியுள்ள தன் நர்சரியில் வெயில் காட்டித் தேற்றுவாள். அதுவரை அலுவலகத்தில் வேறு செடி நிற்கும். செடிக்கும் விடுப்பு உண்டு என்பது எனக்குப் பிடித்திருந்தது. நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் அவளோடு வண்டியில் ஏறிக்கொண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றிவருவது என் வாரத்தின் நல்ல பொழுதாக இருந்தது.

அது பழைய வண்டி இருந்த காலம். ஒரு சனிக்கிழமை பைபாஸில் போய்க்கொண்டிருந்தபோது, மாவு போடாமல் கிரைண்டரை ஓடவிட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நொடி வண்டி நடுச்சாலையில் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் கன்டெய்னர் லாரி. அதன் பிரேக் கிறீச்சிட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. லாரி நின்றது. எவ்வளவு நெருக்கத்தில் என்றால், என் பக்கத்துக் கண்ணாடியில் அதன் முகம் முழுதாகத் தெரியவில்லை, நம்பர் பலகை மட்டும்தான் தெரிந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி பிளான்ட் தொட்டி உடைந்தது, அவ்வளவுதான். இன்ஜினைத் திறந்து பார்த்தவர்கள், உள்ளே எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லை, இன்ஜின் காய்ந்து இறுகிவிட்டது என்றார்கள்.

மகள் அதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னாள். என்னால் முடியவில்லை. பள்ளியில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போதுகூட முதுகுக்குப் பின்னால் ஏதோ வருவதுபோல இருந்தது. புது வண்டிக்குப் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய அன்று, எல்லோரும் ஏறி ஒரு சுற்று போய்வந்தார்கள். நான் தேங்காய்த் துண்டுகளைப் பொறுக்குவதாகச் சொல்லிக் கீழேயே நின்றுவிட்டேன். அடுத்து வந்த சனிக்கிழமைகளிலும் விடைத்தாள் திருத்த வேண்டும், தலைவலி என்று ஏதாவது ஒன்று கிடைத்தது.

மகள் ஒருநாள் நேராகவே சொன்னாள். "அம்மா, உன் சீட்டு சும்மாதான் கெடக்கு. வேற யாரையும் உக்கார வைக்கல. நீ பயப்படாம ஏறுற அன்னிக்கு ஏறு. பயந்துக்கிட்டே ஏறுனா எனக்கும் கை நடுங்கும்."

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இந்த வண்டியில் எண்ணெய் ஒருபோதும் குறையாமல் பார்த்துக்கொள்வது. அது நிச்சயமாகிவிட்டால் ஏறிவிடலாம்.

வண்டியோடு வந்த கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். எந்த எண்ணெய் என்று அதில் தெளிவாகவே இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் அதை ஒப்புக்கொள்ள ஆளில்லை. மாடிவீட்டுக்காரர் தன் கால்டாக்சிக்கு ஊற்றுவதே உலகத்தில் சிறந்தது என்றார். என் கணவர் வேலை பார்ப்பது ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில். அவர் இருப்பது சம்பளப் பிரிவு. அது தெருவில் யாருக்கும் பொருட்டில்லை. "சாரே டாங்கிக்கு எண்ணெ ஊத்துறவரு, அவரக் கேளுங்க" என்பார்கள். சாரும் கூச்சப்படாமல் பதில் சொல்வார்.

கடைசியில் கையேட்டையே எடுத்துக்கொண்டு பூந்தமல்லியில் ஒரு எண்ணெய்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய், முதலில் வேறு டப்பாவை எடுத்து வைத்தார்.

"நம்ம வெயிலுக்குக் கெட்டியா ஊத்துனாத்தாம்மா இன்ஜின் நிக்கும். எல்லாரும் இதத்தான் வாங்கிகினு போறாங்க."

"எந்த வண்டிக்கு பாய் வாங்கிட்டுப் போறாங்க?"

"ஆட்டோவுக்கு, தண்ணி லாரிக்கு, பழைய லோடு வண்டிக்கு."

"இது புது வண்டி. புகை வடிகட்டி உள்ளது. சாம்பல் கம்மியா விடுற எண்ணெய்தான் ஊத்தணும், இல்லன்னா வடிகட்டி அடைச்சுக்கும்னு போட்டிருக்கு. இந்தப் பக்கம் பாருங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சராம்மா?"

"ஆமா."

"அதான பாத்தேன்." முக்காலியில் ஏறி, மேல்தட்டிலிருந்து சரியான டப்பாவை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். "சீல பாத்துக்கங்க. டூப்ளிகேட் சுத்திகினு கீது. காலியானா டப்பாவுல ஓட்ட போட்டுட்டுத் தூக்கிப் போடுங்க. இல்லன்னா எவனாவது கண்டத ரொப்பி வித்துடுவான்."

அன்றிலிருந்து என் காலை மாறியது. பால் பாக்கெட்டை எடுக்க வாசலுக்கு வரும்போதே பழைய பருத்திப் புடவைத் துண்டு ஒன்று தோளில் இருக்கும். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும். அதற்குப் பயந்து வீடுகளை உயர்த்திக் கட்டியிருக்கிறோம். தெருவிலிருந்து வாசலுக்கு ஏற ஒரு சிமென்ட் சரிவு உண்டு. ஐப்பசி பிறந்தால் தெருவில் உள்ள வண்டிகள் எல்லாம் அந்தச் சரிவில் மூக்கை மேலே தூக்கிக்கொண்டுதான் தூங்கும். எங்கள் வண்டியும் அப்படித்தான். நான் முன்மூடியைத் திறந்து, டிப்ஸ்டிக் என்கிற அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்ப்பேன். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எண்ணெய் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும்.

முதல்நாளே கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது.

அடுப்படியிலிருந்து புனலைக் கொண்டுவந்து, கோட்டைத் தாண்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மறுநாள் மறுபடியும் குறைந்திருந்தது. மறுபடியும் ஊற்றினேன். மகளிடம் சொன்னால், உனக்கு இன்னும் பயம் போகலையா என்பாள். வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பிறகு எங்கேதான் போகிறது? கணவரிடம் மட்டும் கேட்டேன். "புது வண்டி, வளர்ற புள்ள மாதிரி. கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்" என்று சம்பளப் பிரிவு தீர்ப்புச் சொன்னது.

டப்பா பாதிக்குமேல் இறங்கியிருந்தபோது மகளுக்குப் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. தொழிற்பேட்டையில் புதிதாகத் திறக்கும் ஓர் அலுவலகம், எல்லா மாடிகளுக்கும் செடி கேட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் இறக்க வேண்டும். அது நன்றாக முடிந்தால் அக்கம்பக்கத்துக் கட்டிடங்களும் வரும் என்று துள்ளிக்கொண்டிருந்தவள், சனிக்கிழமை காலையில் காபியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு வாடகை வண்டி சொல்லிட்டேன். நம்ம வண்டிய சர்வீஸ்ல விட்டுடப் போறேன். இன்ஜினப் பிரிக்கணும்போல இருக்கு. எப்ப குடுப்பாங்கன்னு தெரியல. அடுத்த வாரமெல்லாம் எப்படி ஓட்டப்போறேனோ."

"உனக்கும் தெரிஞ்சிடுச்சா? எண்ணெய் குறையுதுல்ல?"

"குறையுதா?" அவள் நிமிர்ந்தாள். "ஏறுதும்மா. தெனமும் ஏறுது. நர்சரிக்குப் போனதும் வண்டிய ஆறவிட்டு தெனமும் பார்க்கறேன். மேல்கோட்டத் தாண்டி நிக்குது. மெக்கானிக் அண்ணா கொஞ்சம் வடிச்சு எடுக்கறாரு. மறுநாள் பார்த்தா திரும்ப ஏறியிருக்கு. நேத்து அரைகுறையா வடிச்சுட்டு, எண்ணெயில டீசல் கலக்குதுன்னு சொல்லிட்டாரு."

"நீ தினமும் பார்க்கிறியா?" என்று கேட்டேன். அவள் காபித் தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"வா, காட்டறேன். குறைஞ்சுதான் இருக்கும்" என்று அவளை வாசலுக்கு இழுத்துப் போனேன். அன்று நான் இன்னும் ஊற்றியிருக்கவில்லை. கம்பியை உருவிக் காட்டினேன். கீழ்க்கோட்டைத் தொடக்கூட இல்லை. அவள் கம்பியை வாங்கித் தானே ஒருமுறை செருகி எடுத்துப் பார்த்தாள். அப்போதும் அதேதான்.

அந்த நேரம் பார்த்து மாடிவீட்டுக்காரர் தன் காரை எடுக்க வந்தார். வழிவிடுவதற்காக மகள் எங்கள் வண்டியைச் சரிவிலிருந்து இறக்கித் தெருவின் சமதளத்தில் நிறுத்தினாள். நான் விடவில்லை. எண்ணெய் இறங்கி அமரட்டும் என்று சற்று நேரம் பொறுத்து, என் கட்சியை நிரூபிக்க மறுபடி கம்பியை உருவினேன். மேல்கோடு எண்ணெய்க்குள் மூழ்கியிருந்தது.

இருவரும் கம்பியைப் பார்த்தோம். பிறகு நான் சரிவைப் பார்த்தேன். வடை சுட்ட பிறகு வாணலியைச் சாய்த்து மிச்ச எண்ணெயை ஒரு பக்கமாக ஒதுக்குவேனே, அது ஞாபகம் வந்தது. மூக்கைத் தூக்கி நின்ற வண்டிக்குள் எண்ணெய் முழுக்கப் பின்பக்கம் ஒதுங்கியிருந்திருக்கிறது. கம்பி இருப்பது முன்பக்கம்.

நான் உள்ளே போய் டப்பாவையும் புனலையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

மகள் டப்பாவைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். "இவ்ளோ ஊத்தியிருக்கியா?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

அவள் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. காலையில் நான் ஊற்ற, பகலில் மெக்கானிக் வடிக்க, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே வேலையைச் செய்து கலைத்துக்கொண்டிருந்தோம். என் கணவர் செய்தித்தாளோடு வாசலுக்கு வந்து, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அதிக எண்ணெயும் இன்ஜினுக்கு ஆகாது, நுரைத்துக்கொள்ளும் என்று அதே கையேட்டில் இருந்தது. குறைந்தால் என்ன ஆகும் என்ற பக்கத்துக்கு அடிக்கோடு போட்ட நான், அதற்கு அடுத்த பக்கத்தை வெறுமனே புரட்டியிருக்கிறேன். உடனே வடித்துவிட வேண்டும் என்றாள் மகள். "மெக்கானிக் அண்ணாகிட்ட நீயே வந்து சொல்லும்மா. நான் சொன்னா நம்பமாட்டார்." நான் எப்படி ஊற்றினேன், எவ்வளவு ஊற்றினேன் என்று விளக்கிக்கொண்டே செருப்பை மாட்டினேன். விளக்கம் முடியவில்லை. வண்டி பைபாஸில் ஏறியபோதுதான், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. என் கை சீட்டு விளிம்பைப் பிடித்தது. மகளைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. கண் சாலையில் இல்லை, கண்ணாடியில் இருந்தது.

"உனக்குமா?" என்றேன்.

"பின்ன? தெனமும் எதுக்கு டிப்ஸ்டிக் பார்க்கறேன்னு நெனச்ச? பைபாஸ்ல முன்னாடி பார்க்கறதவிடப் பின்னாடிதாம்மா அதிகமா பார்க்கறேன்."

லாரி எங்களைக் கடந்து போனது. மணல் ஏற்றிய லாரி, அவ்வளவுதான்.

மெக்கானிக்கின் பட்டறை மெட்ரோ தூண்களுக்குப் பக்கத்தில் இருந்தது. கதையைக் கேட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ டெய்லி ஊத்துனது நீங்களா? இன்னாமா நீங்க. இது இன்ஜினா போர்வெல்லான்னு நானே கொழம்பிகினு கீறேன். எண்ணெ ஊறுற வண்டி ஒண்ணு கீதுன்னு ரோடு பூரா சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு பேரு வந்து பாத்துட்டு வேற போனானுங்க."

"டீசல் கலக்குதுன்னு நீங்களும்தான சொன்னீங்க அண்ணா" என்றாள் மகள்.

"தெரியலன்னா ஏதாவது ஒண்ணு சொல்லணுமில்ல." சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்தார். சமதளத்தில் நிறுத்தி, மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும்வரை வடித்தார். இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "ஒரு சேதாரமும் இல்ல. இனிமே அந்தப் புனல இட்லி சட்டி பக்கத்துலயே வெச்சிக்கங்கம்மா."

மகள் அங்கிருந்தே வாடகை வண்டியை வேண்டாம் என்று போன் செய்து சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறையப் பனைவகைச் செடிகள். ஓலைகள் பின்கண்ணாடியை முழுசாக மறைத்துவிட்டன. நான் ஏறி, என் பக்கத்துக் கண்ணாடியை எனக்குத் தெரியும்படி திருப்பிக்கொண்டேன்.

"பின்னாடி நான் பாத்துக்கறேன். நீ முன்னாடி பாத்து ஓட்டு."

பைபாஸ் ஏறினோம். "லாரி. தூரமா வருது," என்றேன். "பால் வண்டி. அதுக்குப் பின்னாடி ஒரு ஆட்டோ. ஆட்டோ ஒதுங்கிடுச்சு. இப்ப ஒரு பைக்கு, ரெண்டு பேரு, ஹெல்மெட் ஒருத்தர்தான் போட்டிருக்காரு."

"அம்மா," என்றாள் மகள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "லாரிய மட்டும் சொன்னாப் போதும்."