பெரியபாளையத்துக்கு எத்தனை வீசை?

ஏழு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு ராயபுரத்திலிருந்து பெரியபாளையம் வரை நடந்தார்கள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. என் அம்மா நடந்தாள். தூக்கப்பட்டவள் நான் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, நிறைய வெட்கமும் உண்டு.

எனக்கு நாலு வயதும் தம்பிக்கு இரண்டு வயதும் ஆனபோது வீட்டில் அம்மை வார்த்தது. தம்பி போய்விட்டான். நான் கண்ணைத் திறக்காமல் கிடந்த நாட்களில் அம்மா பெரியபாளையத்தம்மனிடம் வேண்டிக்கொண்டாள். இவளையாவது எனக்கு விட்டுவிடு, கால் தரையில் படாமல் என் இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கு நடந்து வருகிறேன் என்று. வேண்டிக்கொண்டபோது நான் கைக்கு அடங்கிக் கிடந்தேன். அடுத்த ஆடியில் நைனாவின் கட்டுமரம் உடைந்தது. அதற்கடுத்த ஆடியில் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். நான் மட்டும் எதற்கும் காத்திராமல் வளர்ந்துகொண்டே இருந்தேன். மூன்றாவது ஆடி வந்தபோது அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தால் என் கால் அவள் முழங்காலைத் தொட்டது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவர் என் மாமன். அம்மாவின் தம்பி, துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் தராசு பிடிக்கிறவர். எதைப் பார்த்தாலும் அது எத்தனை வீசை, எத்தனை பலம் எடை இருக்கும் என்று சொல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. பெண் பார்க்கப் போன வீட்டிலும் சொல்லியிருப்பான், அதனால்தான் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அம்மா கேலி செய்வாள். அம்மாவுக்குத் துணையாக நடக்கப்போவது அவர்தான். மூட்டை முழுவதும் தன் தோளில், பிள்ளை மட்டும் அக்காவின் இடுப்பில் என்று அவர் தீர்மானித்துவிட்டார். நடுவழியில் அக்கா ஓய்ந்துபோனால் ஒரு கையால் அவளையும் தாங்க வேண்டியிருக்கும் என்பதால் மூட்டை எவ்வளவு குறையுமோ அவ்வளவு நல்லது என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்குத் தராசை எங்கிருந்தோ கொண்டுவந்து முருங்கை மரத்தில் மாட்டினார். பொங்கல் வைக்கும் பித்தளைப் பானையை ஏற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதற்குப் பதில் மண்பானை வந்தது. அம்மாவின் இரண்டு மாற்றுச் சேலையில் ஒன்று போயிற்று. தேங்காயை மட்டையோடு வைத்திருந்த நைனாவுக்குத் திட்டு கிடைத்தது. வெல்லத்தைக்கூட உடைத்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் எங்கிருந்தோ ஒரு சின்னப் பலகையை மட்டும் தானாகவே சேர்த்துக்கொண்டார். வழியில் நான் ஒதுங்க வேண்டியிருந்தால் அதன்மேல் நிற்கலாம், பலகை தரையாகாது என்றார். அம்மன் இதை ஒப்புக்கொள்வாளா என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் என்னைத் தூக்கித் தராசுத் தட்டில் உட்காரவைக்கப் போனார். அம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.

"சரக்கத்தான்டா நிறுக்கணும். உசுரோட கீற புள்ளைய நிறுப்பாங்களா?"

"எத்தினி வீசன்னு தெரியாம எப்டிக்கா தூக்குவே?"

"எனக்குத் தெரியும், நீ போடா."

மாமனுக்கு அது பெரிய அவமானம். மூட்டையைப் பலம் பலமாக நிறுத்து முடித்தும், பெரிய சரக்கான நான் மட்டும் கடைசிவரை நிறுக்கப்படவில்லை.

அன்று சாயங்காலம் மாமன் நைனாவிடம் கவலையோடு பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. வழியில் அக்காவால் முடியாமல் என்னை இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். நைனா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "குட்த்தவ திருப்பி எட்த்துக்குவா, வேற இன்னா?" என்றார். மழை வரும் என்பதைச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

புறப்பட இன்னும் ஐந்து நாள் இருந்தது. மாமன் வெல்லத்தைப் பாதியாக்கியதைப் பார்த்தவள்தானே நான்? என்னையும் குறைப்பது என்று முடிவு செய்தேன். காலைக் கஞ்சியைக் கோழிக்கு ஊற்றினேன். மத்தியானச் சோற்றைத் தெரு நாய்க்கு வைத்தேன். விரத வாரம் என்பதால் வீட்டில் மீன் இல்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. கால் காப்பு உறுத்துகிறது என்று பொய் சொல்லிக் கழற்றவைத்தேன். மூச்சை உள்ளே இழுத்து அடக்கிக்கொண்டால் கனம் குறையும் என்றும் எப்படியோ தெரிந்துவைத்திருந்தேன்.

விடியற்காலையில் கிளம்பினோம். மாமன் தோளில் மூட்டையை வைத்த கூடை, அம்மாவின் தலை வெறுந்தலை. வியாசர்பாடி தாண்டுவதற்குள் அம்மா மூன்று முறை தடுக்கினாள். ஒரு முறை விழவே பார்த்தாள். மாமன் என்னைப் பார்த்தார், நான் மூச்சை அடக்கினேன். அம்மா நின்று, என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"அந்தக் கூடைய என் தலைல வையிடா."

மாமன் பதறிப்போனார். ஆனால் பத்து வயதிலிருந்து தலையில் மீன்கூடையோடு நடந்தவள் அவள். தலை காலியாக இருந்தால் அவளுக்குக் கழுத்து எங்கே நிற்பது, கால் எங்கே விழுவது என்று தெரியவில்லை. இது எங்கள் யாருக்குமே தோன்றவில்லை, அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. மாமன் கூடையை ஏற்றிவைத்தார். அம்மா பத்தடி நடந்துபார்த்துத் திரும்பினாள்.

"இன்னாடா இது, காக்கா குந்துன மாதிரி கீது. இன்னும் ஏதனா போடு."

போட என்ன இருக்கிறது? எல்லாவற்றையும்தான் வீட்டில் விட்டுவிட்டு வந்தாயிற்றே. ஒவ்வொரு பலமாகக் குறைத்த மாமன், ரோட்டோரம் கிடந்த இரண்டு செங்கல்லைத் தன் கையாலேயே எடுத்துக் கூடைக்குள் வைத்தார். அப்போது அவர் முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. அம்மா நிமிர்ந்தாள். அதற்குப் பிறகு அவள் தடுக்கவே இல்லை.

அந்தப் பகல் முழுவதும் எனக்குத் தூக்கமாகவும் விழிப்பாகவும் இல்லாமல் கழிந்தது. பசி மயக்கமாகவும் இருந்திருக்கும். அம்மாவின் கழுத்தில் மஞ்சளும் வியர்வையும் கலந்த வாசனை. அவள் நடைக்கு ஏற்ப வானம் மெல்ல ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தது. கண்ணை மூடினால் மில் சங்கு ஊதும். திறந்தால் மில்லே இருக்காது, பனைமரங்கள் நின்றுகொண்டிருக்கும். மறுபடி மூடித் திறந்தால் பனைகளும் போய், வேப்பிலை கட்டிய மாட்டுவண்டிகள் சத்தமில்லாமல் எங்களைக் கடந்துபோய்க்கொண்டிருக்கும். மஞ்சள் சேலைக்காரிகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நாங்கள் அசையாமல் நிற்கிறோம், ஊர்கள்தான் எங்களைத் தாண்டிக் கடலைப் பார்க்கப் போகின்றன என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே முடிவில்லாமல் போனாலும் நன்றாக இருக்கும் போலிருந்தது. நினைவு வரும்போதெல்லாம் மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்தபோது செங்குன்றம் ஏரிக்கரைக்கு வந்தோம். சத்திரத்து வாசலில் மாமன் கூடையை இறக்க, அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஏரி முழுக்கச் சிவப்பாக இருந்தது. அம்மா என் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"ம்மே, இன்னாடி இவ்ளோ லேசா கீற? துன்னியா இல்லியா நீ?"

நான் பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னேன். கோழி, நாய், காப்பு, மூச்சு, ஒன்றையும் விடவில்லை. உனக்காகத்தான் கனத்தைக் குறைத்தேன் என்றேன். நல்ல பிள்ளை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

பளீரென்று கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது அதுவே முதல் தடவை. அடித்த கையோடு என்னை நெஞ்சில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அவனும் இப்டித்தான்டா லேசா ஆனான்," என்றாள் மாமனிடம். "தெனம் காலீல தூக்கிப் பாப்பேன். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சிகினே வந்தான். கடேசி நாளு கைல புள்ள கீதான்னே தெரியல."

மாமன் எழுந்துபோய் ஒரு பெரிய இலை நிறையச் சோறும், எங்கேயோ கேட்டு வாங்கிய தயிரும் கொண்டுவந்தார். எத்தனை வீசை என்று அவர் சொல்லாத ஒரே பொருள் அந்தச் சோறுதான். அம்மா உருண்டை உருண்டையாக ஊட்டினாள். போதும் என்றாலும் விடவில்லை. மறுநாள் காலையில் ஆப்பக்காரியிடம் ஆறு ஆப்பம் வாங்கி ஆறையும் எனக்கே கொடுத்தாள். அடித்தவள் எதற்கு இப்படி ஊட்டுகிறாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. தம்பியைப் பற்றி ஏன் பேசினாள் என்பதும் புரியவில்லை. நானும் அவனும் ஒன்றா என்ன? அவன் நோயில் குறைந்தான், நான் கெட்டிக்காரத்தனத்தால் அல்லவா குறைந்தேன்!

அன்று பொழுது சாயும் நேரத்தில் தூரத்தில் கோவில் உடுக்கைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அம்மாவின் தோளெல்லாம் வியர்வை. நின்று, என்னை ஒரு உலுக்கு உலுக்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு முன்னால் போய்க்கொண்டிருந்த மாமனைக் கூப்பிட்டு, ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"டேய், இன்னிக்கு நல்லா கனக்குதுடா இவ!"

மாமன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவ்வளவு பேர் நடுவில் என் கனத்தைச் சொல்லிக் காட்டிவிட்டாளே என்று எனக்குத் தாங்கவில்லை. அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆறு ஆப்பத்தையும் தின்றிருக்கக் கூடாது என்று கோவில் வாசல்வரை அழுதுகொண்டே போனேன்.