சாரா மாறி

தீக்குச்சியைக் கிழித்து, பற்றினால் ஒரு கோடு, பற்றாவிட்டால் ஒரு புள்ளி போடுவது என் உத்தியோகம். சோதனைக்கூடத்தில் காலம் தள்ளிய உங்களுக்கு அதன் அருமை தெரியும். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் ஒரு சின்னத் தீப்பெட்டிக் கம்பெனி. குச்சி கிழிக்க நானும் எத்திராஜும். முடிவை நோட்டில் எழுத சாரா. இன்றும் கந்தக வாசனை வந்தால் அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

பெயர்க் குழப்பம்

எங்கள் அதிகாரி எதையும் தமிழில்தான் சொல்வார். முதல் நாளே பலகையில் எழுதிவிட்டார். நாமாக மாற்றுவது சாரா மாறி. அதைப் பார்த்துத் தானும் மாறுவது சார்ந்த மாறி. குச்சியை எத்தனை மணி நேரம் உலர்த்துகிறோம் என்பது முன்னது, நூற்றில் எத்தனை பற்றுகிறது என்பது பின்னது. மற்றதெல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும்.

சாரா தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். மீனவர் குப்பத்திலிருந்து வரும் எத்திராஜ் மட்டும் கவலையோடு எழுந்தான். "சாராம்மா இன்னாத்துக்கு சார் மாறணும்? நல்லாத்தானே கீறாங்க?"

கடற்காற்று

மூன்று தட்டுக் குச்சிகளை இரண்டு, நாலு, ஆறு மணி நேரம் உலர்த்தினோம். ஆறு மணி நேரத் தட்டில் ஒரு குச்சிகூடப் பற்றவில்லை. விசாரித்தால், இடம் போதவில்லையென்று எத்திராஜ் அதை மட்டும் ஈரக்காற்று அடிக்கும் கடல் பக்கத்து ஜன்னலில் வைத்திருக்கிறான். நேரத்தோடு இடத்தையும் மாற்றினால் எதனால் எது கெட்டது என்று யார் சொல்வது? அதிகாரி குதித்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். எத்திராஜ் சொன்னான்: "தட்டத்தான் சார் நான் மாத்துனேன். காத்து அதும்பாட்டுக்கு வந்துகினு கீது, அத்த இன்னா பண்றது?"

என் சொந்தச் சோதனை

ஒரு திங்கட்கிழமை சாரா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்று நீலச் சட்டை போட்டிருந்தேன். வகிட்டை வேறு பக்கம் எடுத்திருந்தேன். அவளுக்கு முன்பே வந்திருந்தேன். எதற்காகச் சிரித்தாள்? படித்த பாடம் சும்மா விடுமா? சட்டையை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றாக மாற்றினேன். செவ்வாயன்று பழைய வகிடு. புதனன்று வகிட்டைத் திங்கட்கிழமை எடுத்த பக்கமே திருப்பிவிட்டுத் தாமதமாக வந்தேன். அவளையே கேட்டுவிடலாம் என்று தோன்றும், வாய் வராது.

வியாழனன்று அவளே என் மேஜைக்கு வந்தாள். "நாலு நாளா ஒரே சட்டையில வர்றீங்களே, வீட்டுக் குழாயில தண்ணி வரலையா?"

கடைசி நோட்டு

ஐப்பசி மழையில் குச்சியெல்லாம் நமுத்துக் கிடந்தது. சாராவின் அப்பா இங்கே நடத்திவந்த பருப்பு மண்டியை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு சொந்த ஊரான தூத்துக்குடிக்கே திரும்புகிறார், அங்கே அவளுக்கு மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று என்று எத்திராஜ்தான் வந்து சொன்னான்.

கடைசி நாள் நோட்டை என்னிடம் ஒப்படைத்தாள். போகாதே என்று சொல்லத் துடித்தேன். சொல்லாமல் ஒரு குச்சியைக் கிழித்தேன், பற்றவில்லை. இன்னொன்றைக் கிழித்தேன். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "வகிடு, வர்ற நேரம், நான் சொன்னப்புறம் சட்டைன்னு எல்லாத்தையும் மாத்திப் பார்த்தீங்க. ஒரு நாளாவது வாயைத் திறந்து பார்த்திருக்கலாம்."

சாரா மாறிப் போனாள், அவளைச் சார்ந்த நானும் மாறிப்போனேன், மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கிறது. அதிகாரி பார்த்திருந்தால் குறையே சொல்ல முடியாத சோதனை.