துளையிட்ட அட்டையில் பிழையில்லை

எழுபதுகளின் கடைசியில், திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் கம்பனியின் கந்தோரில் நான் கணினி இயக்குநராக இருந்தேன். ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற பழைய இயந்திரம். அதைத் தொடத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான் என்று எனக்குத் தலைக்கனம் வேறு.

கப்பல் வரும் நாட்களில் மட்டும் சரக்குப் பட்டியல் பிழையாக அச்சாகி வந்தது. கிண்ணியா வியாபாரியின் சீமெந்து மூதூர்க்காரரின் பெயரில் வந்தது. ஒரு வரியின் பாதி அடுத்த வரிக்குள் கிடந்தது. இயந்திரம் வாசிப்பதற்காக விவரங்களை அட்டைகளில் துளையிட்டுத் தந்தவள் பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெண். அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

"என்ட அட்டையில பிழையில்லை அண்ணை. ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. மெசினுக்குள்ளதான் ஏதோ நடக்குது," என்றாள்.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்," என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

துளைகளை வாசிக்க எனக்குத் தெரியும். எடுத்துப் பார்க்கப் பஞ்சி, வெறும் சோம்பல், வேறொன்றுமில்லை. மேலாளர் கேட்டபோது, துளையிடுவதில்தான் பிழை என்று கடிதம் எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். அந்தக் கிழமையே அவளை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள்.

அவள் இருந்த கதிரைக்கு வந்த புதுப் பெண்பிள்ளையின் பட்டியலும் அதே மாதிரிப் பிழைத்தது. இயந்திரத்தின் நினைவகத்தில் கிடந்ததையெல்லாம் அச்சடித்து, தாள்களைத் தரையில் விரித்து, நாலு நாள் முழங்காலில் நின்று வாசித்தேன். எல்லாம் வெறும் எண்கள். நாலாம் நாள் மத்தியானம் பிடிபட்டது. அச்சுப்பொறி பட்டியலை அடித்து முடிக்க முன்னமே, அது கிடந்த நினைவக இடம் காலியாகிவிட்டதென்று இயந்திரத்தை நடத்தும் இயங்குதளம் எண்ணி, மற்ற வேலைக்காகக் காந்த நாடாவிலிருந்து வந்ததை அதன் மேலேயே எழுதியிருக்கிறது. அச்சடிப்பு, நாடா வாசிப்பு என்ற இரண்டு வேலையும் ஒன்றாக ஓடினால்தான் அது நடக்கும். கப்பல் நாட்களில் வீட்டுக்கு வெள்ளென, நேரத்தோடேயே போகலாமென்று இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டவன் நான்தான்.

பாலையூற்றுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"பிழை விடுறவள் எண்டு ஒரு கந்தோரும் என்னை எடுக்குதில்லை," என்றாள். "முந்தி எழுதிக் குடுத்த மாதிரி, இதையும் எழுதித் தருவீங்களா அண்ணை?"

"ஓம்," என்றேன்.

எழுதினால் என் வேலை போகும். எனக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்கிடையில் இரண்டு வேலையையும் தனித்தனியாக ஓடவிட்டேன். பட்டியல் அதன் பிறகு ஒருநாளும் பிழைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மேலாளர் என் மேசையடிக்கு வந்தார்.

"புதுப் பிள்ளை நல்லாப் பழகிட்டுது. மற்றவளை நிப்பாட்டினது நல்லதாப் போச்சு, என்ன?" என்றார்.

அவருக்கும் ஓம் என்றுதான் சொன்னேன்.